மறு: ‘நுண்பிரித்தெடுப்பு’ போதுமா?

ஐயா, வணக்கம். ‘microextraction’ என்பதற்கு, அதாவது நீரில் கரைந்திருப்பதை மிகக் கொஞ்சக் கரைப்பானுக்குள் இழுத்தெடுக்கும் முறைக்கு, நீங்கள் போட்ட ‘நுண்பிரித்தெடுப்பு’ பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்து ஓடைத் தண்ணீரில் பூச்சிமருந்து எச்சம் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அது ஒட்டவில்லை. கலவையைக் கூறுகூறாகப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபியில் நடப்பதும் பிரித்தல்தான், வடிகட்டுவதும் பிரித்தல்தான், எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால் அறிக்கை படிக்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

அப்புறம் அந்த ‘நுண்’. எது நுண்? பழைய முறையில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிபுனலில் ஊற்றி, 60 மில்லி டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானை மூன்று தடவை விட்டுக் குலுக்கி, நடுநடுவே திருகைத் திறந்து ஆவியை வெளியேற்றி, கடைசியில் அந்த 180 மில்லியையும் சுண்டவைக்க வேண்டும். இப்போது சுண்டுகிற வேலையே இல்லை, ஏனென்றால் எடுப்பதே சில மைக்ரோலிட்டர். சுருங்கியது கரைப்பான். அதனால் பெயரில் ‘துளி’ வரட்டும் என்கிறேன்.

மீதிப் பாதியான ‘பிரித்தெடுப்பு’க்கு, கல்லூரியில் நாங்கள் படித்த ‘சாறு இறக்குதல்’ போதும். வீட்டில் ‘டிகாஷன் இறங்கிடுச்சா’ என்று கேட்கிறோமே, அதே இறங்கல்தான்: பொடியில் இருப்பது நீருக்கு வருகிறது, இங்கே நீரில் இருப்பது கரைப்பானுக்கு வருகிறது. வெறும் ‘துளியிறக்கம்’ என்று சுருக்கலாமே என்று இந்தப் பேச்சில் கூட இருக்கும் அக்கா கேட்டிருந்தார். மலைநாட்டில் இறக்கம் என்றால் லாரி பிரேக் பிடிக்கிற இடம், அக்கா! ‘துளிச்சாறிறக்கம்’ என்றே இருக்கட்டும், நீளம்தான், பரவாயில்லை.

இனி அதன் கிளைகள். 1996-ல் வந்தது ஒற்றைத் துளி முறை. இப்போது கரைப்பான் துளியைத் தண்ணீருக்குள் ஊசி முனையில் தொங்கவிட்டுச் செய்கிறோம், அதற்குத் ‘தொங்குதுளிச் சாறிறக்கம்’. கொஞ்சம் வேகமாகக் கலக்கினால் துளி அறுந்து விழுந்துவிடும், ஒரு காலை முழுக்க அப்படிப் போயிருக்கிறது எனக்கு.

2006-ல் ஈரானியர்கள் கொண்டுவந்த முறைக்குத்தான் நல்ல சொல் வேண்டும். 5 மில்லி தண்ணீருக்குள் 1 மில்லி அசிட்டோனையும் 8 மைக்ரோலிட்டர் டெட்ராகுளோரோஎத்திலீனையும் சேர்த்து ஊசியால் சட்டென்று பீய்ச்சினார்கள். அசிட்டோன் இரண்டோடும் கலக்கும், அதனால் கரைப்பான் பொடிப்பொடித் துளியாகச் சிதறித் தண்ணீரே பால்போல் ஆகிவிடும். தொடுபரப்பு அவ்வளவு பெரிது என்பதால் சாறு உடனே இறங்கிவிடும். மையவிலக்கியில் சுற்றினால் தண்ணீரைவிடக் கனமான கரைப்பான் அடியில் போய் நிற்கும். ‘dispersive liquid-liquid microextraction’ என்ற இதன் ஆங்கிலப் பெயருக்கு ‘விரவல் திரவ-திரவ நுண்பிரித்தெடுப்பு’ என்று நண்பர் ஒருவர் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறார், வாசித்து முடிப்பதற்குள் சோதனையே முடிந்துவிடும். மழைக்காலத்தில் ஓடையில் வருவதை நாம் ‘கலங்கல்’ என்கிறோம். ஆகவே ‘கலங்கல் சாறிறக்கம்’. அடியில் தங்குவது ‘மண்டி’, காபி மண்டி மாதிரி. அசிட்டோனுக்குச் ‘சிதறடிப்பான்’.

கூட வேலை பார்க்கும் மலையாளச் சேச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். கரைப்பானை அவர்கள் ‘லாயகம்’ என்பார்கள், அதனால் நம் ‘கரைப்பான்’ பிடிபடவில்லை. ‘கலங்கல்’ மட்டும் விளக்காமலே புரிந்தது.

ஒன்றுதான் பாக்கி. 1999-ல் வந்த முறையில் துளி அறுந்து விழாதபடி கரைப்பானை உள்ளே ஓட்டையுள்ள பாலிபுரொப்பிலீன் நாரில் ஊறவைக்கிறார்களே, அந்த நாருக்குப் ‘புழைநார்’ சரியா, ‘குழல்நார்’ சரியா? எனக்குப் புழை பிடிக்கும், ஆனால் பிள்ளைகள் அதைப் பிழை என்று படித்துவிடுவார்களோ என்று ஒரு பயம். அக்கா, நீங்கள் சொல்லுங்கள்.