பள்ளி பணத்தை எப்படிச் செலவழிக்கிறது என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்க சிங்கப்பூரில் வழி உண்டா?

பொங்கோல் அப்பா:

வணக்கம். மகள் தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்பு. அரசாங்கப் பள்ளி, பெயர் இங்கே வேண்டாம். பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் ஓர் அறிவிப்பு வந்தது: ரோபோவை இயக்கும் கோடிங் பயிலரங்கு, ஆளுக்கு 96 வெள்ளி, எடுசேவ் கணக்கிலிருந்து (பிள்ளையின் பெயரில் அரசாங்கம் பணம் போடும் கல்விக் கணக்கு) பிடித்துக்கொள்ள அனுமதி கொடுங்கள் என்று. அதே நிறுவனம் எங்கள் சமூக மன்றத்தில் நடத்தும் வகுப்பு இதைவிட நல்ல மலிவு. ஏன் இந்த வித்தியாசம் என்று பள்ளி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். மனத்தில் கிடந்த மற்ற இரண்டையும் சேர்த்தே கேட்டுவிட்டேன். மாதாமாதம் ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பது) போகிற இரண்டாம் நிலைப் பல்வகைக் கட்டணம் எதற்குச் செலவாகிறது? நூலகத்தைப் புதுப்பிக்கிறோம் என்று போன வருடம் கேளிக்கைச் சந்தை நடத்தித் திரட்டிய பணம் எங்கே? (நூலகத்தில் ஒரு நாற்காலிகூட மாறவில்லை என்கிறாள் மகள்.)

"பள்ளியின் உள் நிதி விவரங்களைப் பகிர இயலாது." இவ்வளவுதான் பதில்.

ஊரில் என் பெரியப்பா மகன் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டான். ஊராட்சிப் பள்ளிக் கழிப்பறைக்கு எவ்வளவு பில் போட்டார்கள் என்று நகலே கைக்கு வந்துவிட்டது. இங்கே அதற்கு ஈடாக என்ன இருக்கிறது? கல்வி அமைச்சுக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்: "கடந்த ஐந்து ஆண்டுகளுக்கான எல்லா ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்கள் தேவை." அனுப்பலாமா?

தெம்பனிஸ் கணக்கர்:

அனுப்பாதீர்கள். சிங்கப்பூரில் தகவல் உரிமைச் சட்டம் என்று ஒன்று கிடையாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது அரசாங்க அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது, உங்கள் கேள்வியும் தனிநபர் தரவு பற்றியது இல்லை. இந்தக் கடிதம் போனால் அதே வரி, இன்னும் மரியாதையான ஆங்கிலத்தில் திரும்பி வரும்.

சிராங்கூன் மாமா:

தம்பி, பள்ளியோடு எதற்கு வம்பு? இன்னும் இரண்டு வருடம் பிள்ளை அங்கேதான் படிக்க வேண்டும். 96 வெள்ளியும் உங்கள் பையிலிருந்து போகவில்லை, எடுசேவ் தானே.

பொங்கோல் அப்பா:

மாமா, எடுசேவ் என் மகள் பெயரில் இருக்கிற பணம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அரசாங்கம் ஆண்டுக்குப் போடுவது 230 வெள்ளி. அதில் 96 ஒரே பயிலரங்குக்குப் போனால் கேட்கத்தானே செய்வேன்? வம்புக்கு இல்லை.

ஃபிரிமாண்ட் தங்கை:

அண்ணன் குடும்பம் சிங்கப்பூரில் இருப்பதால் இங்கே எட்டிப் பார்ப்பேன். நான் இருக்கிற கலிஃபோர்னியாவில் பள்ளிகளை நடத்துவது டிஸ்ட்ரிக்ட் என்கிற உள்ளூர் அமைப்பு. அதற்கு வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியம் உண்டு, வீட்டு வரியிலிருந்து அதற்குப் பணம் போகிறது. பொதுப் பதிவுகள் சட்டப்படி ஒரு மின்னஞ்சல் போட்டால் பத்து நாளுக்குள் தருவோம் அல்லது தரமாட்டோம் என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். ஆனால் அங்கேயும் "எல்லா ரசீதும் வேண்டும்" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். எந்த மாதம், எந்த ஒப்பந்தம் என்று குறிப்பாகக் கேட்டவருக்குத்தான் சீக்கிரம் கிடைக்கும்.

பள்ளி அலுவலகத்தில் இருந்தவள்:

நான் ஒரு பள்ளியின் நிர்வாக அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தம்பி ஒரே கடிதத்தில் கேட்டிருக்கும் மூன்றும் வெவ்வேறு பணம். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கேட்டதால்தான் அலுவலகத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லப் பயம்.

அரசாங்கம் பள்ளிக்குக் கொடுக்கும் பெரும்பணத்தை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தோடும் நிதி அமைச்சு ஒரு தடித்த புத்தகம் வெளியிடும், வருவாய் செலவின மதிப்பீடுகள் என்று. அதில் கல்வி அமைச்சுக்கு 'கே' என்ற எழுத்து. சமீப ஆண்டுகளில் அந்தத் தொகை 14 பில்லியன் வெள்ளியைத் தாண்டிவிட்டது. அரசாங்கப் பள்ளிகளுக்கு எவ்வளவு, உதவிபெறும் பள்ளிகளுக்கு எவ்வளவு, பல்கலைக்கழகங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். உங்கள் பள்ளியின் பெயரைத் தேடினால் கிடைக்காது. இன்னொன்று, அரசாங்கக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், பள்ளி ஆண்டோ ஜனவரியில் தொடங்கும். இரண்டையும் ஒப்பிட்டு "கணக்கு உதைக்கிறது" என்று கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பல்வகைக் கட்டணம் வேறு. தொடக்கப்பள்ளியில் வழக்கமான கட்டணம் மாதம் 6.50 வெள்ளி. இரண்டாம் நிலைக் கட்டணம் அதற்குமேல், 6.50 வரை. அந்த "வரை"தான் முக்கியம். அமைச்சு உச்சவரம்பு மட்டும் வைக்கிறது, தொகையை முடிவு செய்வது பள்ளி. ஆயிரம் பிள்ளைகள் முழுத் தொகையும் கட்டினால் ஆண்டுக்கு 78,000 வெள்ளி. ஆகவே "இந்தத் தொகையை எதை வைத்து முடிவு செய்தீர்கள், பொதுவாக எந்தெந்த வகையில் செலவாகிறது" என்று பெற்றோர் கேட்பதில் ஒரு தவறும் இல்லை. பள்ளிக்கும் அது சொல்லக்கூடிய பதில்தான்.

பயிலரங்குக்கு நீங்கள் யாரிடமும் கேட்கவே வேண்டாம். ஜிபிஸ் தளத்துக்குப் போங்கள், அரசாங்க அமைப்புகள் பொருளும் சேவையும் வாங்கும் இணையத்தளம் அது. பள்ளிகள் சில்லறைத் தொகைக்கு மேல் வாங்குவதெல்லாம் அங்கேதான் விலைப்புள்ளி கேட்டு வரும். பார்ப்பதற்குக் கணக்கு, சிங்பாஸ் என்கிற மின்னிலக்க அடையாளம் எதுவும் தேவையில்லை.

நூலகப் பணத்தைக் கடைசியில் பார்ப்போம், அது கொஞ்சம் சிக்கல்.

பொங்கோல் அப்பா:

நன்றி அக்கா. ஜிபிஸில் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் இல்லை. நான் தேடுவது சரியா?

தெம்பனிஸ் கணக்கர்:

கேட்கும் அமைப்பு என்ற இடத்தில் எல்லாப் பள்ளிகளும் "கல்வி அமைச்சு - பள்ளிகள்" என்றே பதிவாகும். தலைப்பில் பள்ளியின் பெயர் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. உள்ளே போய்த் தொடர்பு முகவரியைப் பார்த்தால்தான் எந்தப் பள்ளி என்று தெரியும். இன்னொன்று, திறந்தவுடன் தளம் காட்டுவது இப்போது நடப்பில் உள்ளவற்றை மட்டும். பக்கத்தில் 'க்ளோஸ்ட்' (முடிந்தவை) என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதைச் சொடுக்குங்கள். தேடும் சொல்லாக "ரோபோட்டிக்ஸ்", "கோடிங்", "என்ரிச்மென்ட்" என்று ஆங்கிலத்தில் போடுங்கள்.

பதிவு எண்ணில் இடிகியூ என்ற எழுத்துகள் இருந்தால் விலைப்புள்ளி, இடிடி என்றால் பெரிய டெண்டர். பள்ளிப் பயிலரங்குகள் பெரும்பாலும் முதல் வகை. டெண்டர் முடிவுகளை மொத்தமாகப் பார்க்க வேண்டுமானால் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் ஜிபிஸ் கொள்முதல் என்றே ஒரு தொகுப்பு இருக்கிறது: அமைப்பு, வழங்கிய தேதி, நிறுவனம், தொகை எல்லாம் வரிசையாக வரும், எக்செலில் திறக்கலாம். உங்கள் விஷயத்துக்கு அது தேவைப்படாது.

பொங்கோல் அப்பா:

கிடைத்துவிட்டது! மூன்று நிறுவனங்கள் விலை கொடுத்திருக்கின்றன. ஆகக் குறைந்த விலை கொடுத்தவருக்குக் கொடுக்கவில்லை, நடுவில் இருப்பவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். தொகையை வகுப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 96க்குப் பக்கத்தில்கூட வரவில்லை, ரொம்ப அதிகமாக வருகிறது. இதை வைத்து லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவுக்கு எழுதலாமா?

தெம்பனிஸ் கணக்கர்:

ஐயோ, நில்லுங்கள். முதலில் அறிவிப்பில் ஒப்பந்தக் காலத்தைப் பாருங்கள். "ஓராண்டு, விருப்பத்தின் பேரில் மேலும் ஓராண்டு" என்று இருக்கலாம். அப்படியானால் நீங்கள் பார்க்கும் தொகை இரண்டு ஆண்டுக்கு. ஒரு வகுப்புக்கு மட்டும் இல்லாமல் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கும் சேர்த்தும் இருக்கலாம்.

குறைந்த விலைக்குக் கொடுக்காதது தன்னளவில் தப்பில்லை. விலையும் தரமும் சேர்த்து மதிப்பெண் போடும் முறை உண்டு. எதற்கு மதிப்பெண் என்பது இணைப்பாக வைத்திருக்கும் ஆவணத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். பள்ளிக்குள் வரும் பயிற்றுநர்கள் அமைச்சில் பதிவு செய்திருக்க வேண்டும், எத்தனை பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர், கருவியைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றெல்லாம் நிபந்தனை இருக்கும். சமூக மன்ற வகுப்பில் இவை இல்லாமல் போகலாம். லஞ்சம் என்று சொல்ல யாரோ யாரிடமோ எதையோ வாங்கினார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். விலை கூட என்பது அந்த ஆதாரம் ஆகாது.

சிராங்கூன் மாமா:

இதைத்தான் நானும் சொன்னேன்.

பள்ளி அலுவலகத்தில் இருந்தவள்:

நீங்கள் கேட்கவே வேண்டாம் என்றீர்கள் மாமா. கணக்கர் தம்பி பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்கிறார்.

பொங்கோல் அப்பா:

ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு, மூன்று வகுப்புகளுக்கு. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 96ஐ ஒட்டி வருகிறது. பிள்ளைகள் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றும் போட்டிருக்கிறது. இது தெளிந்துவிட்டது.

இடையில் இன்னொரு விஷயம். பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருக்கும் ஒருவர், தனக்குத் தெரிந்த ஆசிரியரிடம் நூலகச் செலவுக் கோப்பு இருக்கிறது, வாட்ஸ்அப்பில் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

பள்ளி அலுவலகத்தில் இருந்தவள்:

வேண்டவே வேண்டாம். அதிகாரபூர்வ ரகசியங்கள் சட்டம் 1935இலிருந்து இருக்கிறது. கொடுப்பவருக்கு மட்டும் இல்லை, தெரிந்தே வாங்குபவருக்கும் அது பொருந்தும். அந்த ஆசிரியரின் வேலைக்கும் ஆபத்து. நேர்வழியில் கேட்டால் அரைகுறைப் பதிலாவது கிடைக்கும், இந்த வழியில் போனால் உங்கள் கேள்வியே குற்றமாகிவிடும்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். அலுவலகப் பொது முகவரிக்குப் போடாமல் பள்ளியின் அட்மினிஸ்ட்ரேஷன் மேனேஜருக்குப் போடுங்கள், நிர்வாகத் துணைமுதல்வருக்கு நகல். பணம் கையாளும் வேலை அவர்களுடையது. ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சாரம் இப்படி இருக்கட்டும்:

"என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். ஒன்று, இந்த ஆண்டு இரண்டாம் நிலைப் பல்வகைக் கட்டணம் எந்தெந்த வகையில் செலவிடப்படுகிறது என்று வகைவாரியாகச் சொல்ல முடியுமா? தொகை தேவையில்லை. இரண்டு, நூலகத்துக்காகச் சென்ற ஆண்டு திரட்டிய நிதி எவ்வளவு, அது இப்போது எந்த நிலையில் உள்ளது, பணி எப்போது தொடங்கும்? எழுத்தில் சொல்ல இயலாவிட்டால் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்."

ரசீது, நகல், வங்கி என்ற சொற்கள் எதுவும் வேண்டாம்.

தெம்பனிஸ் கணக்கர்:

அக்கா எழுதியது அருமை. ஒரே ஒரு திருத்தம். "தொகை தேவையில்லை" என்பதை எடுத்துவிடலாம். சொன்னால் சொல்லட்டுமே, நாமே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பொங்கோல் அப்பா:

கடிதம் போட்டேன், கணக்கர் சொன்னபடி அந்த வரி இல்லாமல். மேனேஜரே தொலைபேசியில் கூப்பிட்டார், நல்லபடியாகப் பேசினார். இரண்டாம் நிலைக் கட்டணம் வகுப்பறைக் குளிர்சாதனப் பராமரிப்பு, அச்சு, இணைப்பாட நடவடிக்கைக்கான பேருந்து என்று போகிறதாம். தொகை சொல்லவில்லை. நூலகத்துக்குத் திரட்டிய பணம் பள்ளி ஆலோசனைக் குழுவின் பொறுப்பில் இருக்கிறது, குழுவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்கப்புறம் பேச்சில்லை. அங்கே எப்படிக் கேட்பது?

பள்ளி அலுவலகத்தில் இருந்தவள்:

சிக்கல் என்று சொன்னேன் இல்லையா, இதுதான். உங்கள் பிள்ளை படிப்பது உதவிபெறும் பள்ளியாகவோ இண்டிபென்டன்ட் பள்ளியாகவோ இருந்து, அதை நடத்தும் அமைப்பு அறநிறுவனமாகப் பதிவாகியிருந்தால் அறநிறுவன இணையவாசலில் ஆண்டறிக்கையும் கணக்கும் பார்த்திருக்கலாம். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் அவர்கள் தாக்கல் செய்ய வேண்டும். அரசாங்கப் பள்ளிக்கு அந்த வழி இல்லை. குழுத் தலைவருக்கு முதல்வர் வழியாக எழுதுங்கள். சந்தையில் சீட்டு வாங்கிய பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. பணம் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள் என்ற தொனி வரும்.

தெம்பனிஸ் கணக்கர்:

அதுவும் நடக்கவில்லை என்றால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போங்கள். இரண்டு விதமாகக் கேட்கலாம். உங்கள் பள்ளி பற்றி அமைச்சுக்குக் கடிதம் எழுதச் சொல்வது ஒன்று. இன்னொன்று, பெற்றோரிடம் திரட்டும் நிதிக்கு எல்லாப் பள்ளிகளும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறதா என்று நாடாளுமன்றத்தில் கேள்வியாகப் போடச் சொல்வது. எழுத்துமூலப் பதில் வந்தால் அது யாரும் படிக்கக்கூடிய பதிவு. பிப்ரவரி கடைசி, மார்ச்சில் அமைச்சுகளின் செலவு ஒவ்வொன்றாக விவாதத்துக்கு வரும். உறுப்பினர்கள் 100 வெள்ளியை வெட்ட வேண்டும் என்று ஒரு பேச்சுக்குத் தீர்மானம் போட்டுவிட்டுக் கேள்வி கேட்பார்கள். பொதுக் கேள்விக்கு அதுதான் சரியான நேரம்.

தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகத்துக்கும் எழுதலாம். ஒரு நூலகத்துக்காக அவர்கள் கிளம்பி வருவார்கள் என்று நினைக்காதீர்கள். ஆனால் ஒரே மாதிரிக் குறை பல இடத்தில் இருந்தால் கவனிப்பார்கள். ஆசிரியர் கார் நிறுத்தும் விவகாரம் ஞாபகம் இருக்கும். கல்வி நிலையங்களில் இலவசமாக நிறுத்த விடுவது மறைமுக மானியம் என்று 2015இல் அவர்கள் அறிக்கையில் எழுதினார்கள். 2018 ஆகஸ்ட் 1 முதல் பள்ளிகளில் கட்டணம் வந்துவிட்டது.

சிராங்கூன் மாமா:

அதனால் என் மருமகள் இன்னும் அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

பொங்கோல் அப்பா:

மூன்று பெற்றோர் சரி என்றிருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேரைக் கேட்க வேண்டும். கடிதம் முதல்வர் வழியாக அடுத்த வாரம் போகும். 96 வெள்ளிக்கு அனுமதி கொடுத்துவிட்டேன்.

பள்ளி அலுவலகத்தில் இருந்தவள்:

கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாக அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.