அப்பாவின் ஏர் ரைஃபிளுக்குக் காமோ பெயிண்ட்: எது அடித்தால் நிற்கும்?

பாலாறு_92 (குடியாத்தம்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஆசையாக வைத்திருந்த ஏர் ரைஃபிள் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 0.177 அங்குல ரகம், பேரலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் மாடல், மரக்கட்டை. பேரலில் கை படும் இடமெல்லாம் துரு பிடிக்காமல் இருக்க ஏற்றிய கருநீலப் படலம் தேய்ந்து வெள்ளை இரும்பு தெரிகிறது. அடிப்பக்கம் துருப்புள்ளி ஏறியிருக்கிறது. கட்டையில் வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது. பிடிக்குப் பக்கத்தில் இருந்த விரிசலை யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறார்கள். நான் சுடுவதெல்லாம் கொல்லையில் மண்மேட்டுக்கு முன்னால் அட்டை வைத்துத்தான்.

இதற்குக் காமோ (சுற்றுப்புறத்தோடு கலந்து மறைய அடிக்கும் நிறத் திட்டுகள்) அடித்து, மேலே நல்ல கோட்டிங்கும் கொடுத்துவிட்டால் இன்னும் பல வருஷம் ஓடும் என்று நினைக்கிறேன். கடையில் விற்கும் ஸ்பிரே டப்பா போதுமா? வெளிநாட்டு வீடியோக்களில் செரகோட் என்ற பூச்சை அடித்து ஓவனில் வைத்து எடுக்கிறார்கள். அது நம் வீட்டில் நடக்குமா? துருவை எதால் எடுப்பது? இன்னொன்று, மாமாவிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. "உன்னுடையதை அடிக்கும்போது இதையும் ஒரு கை பார்த்துவிடு" என்கிறார். செய்யலாமா?

கோணவட்டம்_டிங்கர் (வேலூர்)

நான் லாரி பாடிக்கு அடிக்கிற ஆள். துப்பாக்கி அடித்ததில்லை. ஆனால் இரும்பு எங்கே இருந்தாலும் இரும்புதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். சாதா எனாமல் அடித்து அதன் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடிக்காதீர்கள். என்.சி. தின்னர் காட்டம். அடியில் இருக்கும் எனாமலைக் கிளப்பிவிட்டு, மேலே சுருக்கம் விழுந்துவிடும். அப்புறம் முழுக்கச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை. பிரைமர், கலர், கிளியர் (மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சு) மூன்றையும் ஒரே கம்பெனியில் ஒரே ரகமாக வாங்குங்கள்.

எம்-சீல் இருந்தால் பயமில்லை. வாட்டர் பேப்பர் போட்டு மட்டம் தட்டி பிரைமர் அடித்தால் தெரியாது. ஸ்பிரே டப்பாவை நம்ம ஊர் வெயிலில் வெளியே வைத்துவிடாதீர்கள், வெடிக்கும்.

ஹவில்தார்_ஓய்வு (கம்மவான்பேட்டை)

தம்பி, முதலில் மாமா துப்பாக்கியைத் தனியாக எடுத்து வை. அதைத் தொடாதே.

உன் ஏர் ரைஃபிள் 0.177 அங்குலத்துக்கு மேல் போகாமல், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் கேட்கப்படாத வகை. அதற்கு நீ பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். இரட்டைக்குழல் அப்படியில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி ஒரு துப்பாக்கியை ரிப்பேர் செய்வதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். பெயிண்ட் அடிப்பது ரிப்பேரா என்று வாதாடலாம். ஆனால் கழற்றி, சுரண்டி, ஆசிட் போட்டு, மறுபடி மாட்டும்போது நீ எங்கே நிற்கிறாய் என்று யோசித்துப் பார். மேலும் லைசென்ஸ் உன் பெயரில் இல்லை. அந்தத் துப்பாக்கி உன் வீட்டில் ஒரு ராத்திரி இருப்பதே தப்பு.

8ஆம் பிரிவு இன்னும் முக்கியம். நம்பரையோ முத்திரையையோ அழித்தால், மாற்றினால் குற்றம். அதோடு, நம்பர் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். எமரி போட்டுத் தேய்க்கும்போது ஆழமில்லாத பழைய நம்பர் காணாமல் போக எவ்வளவு நேரம் ஆகும்? தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது லைசென்ஸில் உள்ள நம்பரைத் துப்பாக்கியில் பார்த்துத்தான் வாங்குவார்கள். மாமாவை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடம் நேராகக் கொண்டு போகச் சொல்.

உன்னுடையதற்கும் ஒரு வார்த்தை. காமோ அடித்துவிட்டால் தூரத்தில் இருந்து பார்ப்பவனுக்கு அது ஏர் ரைஃபிள் என்று தெரியாது. பையில் போட்டு மூடாமல் பஸ்ஸிலோ காட்பாடி ஸ்டேஷனிலோ தூக்கிக்கொண்டு திரியாதே. மோர்தானா காட்டுப் பக்கமும் வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் கௌண்டின்யா சரணாலயம். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

பெயிண்ட்_இன்ஸ்பெக்டர் (ராணிப்பேட்டை)

ஹவில்தார் ஐயா சொன்னதற்கு மேல் சட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பெயிண்டைப் பற்றிச் சொல்கிறேன். சிப்காட்டில் பாய்லர் சாமான்களுக்குப் பெயிண்ட் சரிபார்க்கும் வேலையிலேயே என் காலம் போனது. ஓய்வுக்குப் பிறகு தெரிந்தவர்களின் ஏர் ரைஃபிள்களை அடித்துக் கொடுக்கிறேன்.

தம்பி, நீங்கள் "எந்த பெயிண்ட்" என்று கேட்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். உரிந்து வந்த பெயிண்டை நான் எத்தனையோ முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் டப்பாவில் குறை இருக்காது. அடியில் எண்ணெய் இருக்கும். துப்பாக்கி என்பது வாழ்நாள் முழுக்க எண்ணெய் குடித்த இரும்பு. உங்கள் அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். கீல் இடுக்கிலும் திருகு ஓட்டையிலும் அது ஊறிப்போய் உட்கார்ந்திருக்கும்.

அதனால் முதல் வேலை கட்டையைப் பிரித்துத் தனியே எடுப்பது. அதோடு நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றப் போகாதீர்கள். அது அழுத்தத்தில் இருக்கிறது. அதற்கான கிளாம்ப் இல்லாமல் திறந்தால் முகத்துக்கு வரும். பேரல் வாயையும் பின்பக்கம் பெல்லட் வைக்கும் இடத்தையும் பஞ்சு வைத்து அடைத்து, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். குறி பார்க்கும் சைட், டிரிகர், கீல், நம்பர் இருக்கும் இடம், இவை எல்லாவற்றுக்கும் டேப். ஹவில்தார் ஐயா சொன்ன காரணத்துக்காக ஏர் ரைஃபிளிலும் நம்பரைப் பெயிண்டால் நான் மூடுவதில்லை.

துருப்புள்ளிக்கு மெல்லிய ஸ்டீல் உல்லில் சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தால் மேல்துரு வந்துவிடும். குழி விழுந்த இடத்துக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவரைத் துணியில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் தடவுங்கள், கிளவுஸ் போட்டுக்கொண்டு. துரு கரைந்து சாம்பல் நிறப் படலம் வரும். டப்பாவில் சொன்னபடி துடைத்து உலர்த்துங்கள். வினிகரும் துருவை எடுக்கும், ஆனால் மிச்சமிருக்கும் கருநீலத்தையும் சேர்த்து எடுத்துவிடும். அந்தக் கருநீலமும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். நன்றாகப் பிடித்து நிற்கும் இடத்தில் அதன் மேலேயே பெயிண்ட் அடிக்கலாம்.

அடுத்து 320 நம்பர் எமரி பேப்பர். பளபளப்பு போய் மங்கலாக வேண்டும், அவ்வளவுதான். பெரிய தகடுகளுக்கு கிரிட் (கூரான சிறு துகள்கள்) அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவோம். வீட்டில் அதற்கு எமரி போதும். பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். ஒரே துணியைத் திருப்பித் திருப்பித் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. துணியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இப்போது சோதனை. சுத்தமான தண்ணீரைப் பேரல் மேல் லேசாகத் தெளியுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் இரும்பு தயார். எங்காவது அந்தப் படலம் கிழிந்து, தண்ணீர் முத்து முத்தாகச் சுருண்டு நிற்கிறதா, அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. கீலுக்குப் பக்கத்தில் கட்டாயம் அப்படி நிற்கும், பாருங்கள். மறுபடி துடையுங்கள், மறுபடி தெளியுங்கள். படலம் கிழியாத பிறகு உலர்த்தி, வெறுங்கையால் தொடாமல், அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ராத்திரி விட்டால் விரல் ரேகை படிந்த இடத்தில் காலையில் செம்பழுப்பாகத் துரு நிற்கும்.

செரகோட்டைப் பற்றி. அது அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் செய்வது, செராமிக் கலந்த பூச்சு. நல்ல சரக்கு, அதில் சந்தேகமில்லை. ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம், அதாவது 25 மைக்ரான்தான் இருக்கும். ஆனால் நீங்கள் வீடியோவில் பார்த்த ஓவன் ரகத்துக்கு அலுமினியம் ஆக்சைடு தூளை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்கும் பிளாஸ்ட்டிங் வேண்டும், ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வேக வேண்டும். உங்கள் ரைஃபிளை அந்தச் சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி ஓடும், காற்று கசியாமல் அடைக்கும் வாஷர் கெடும். சமையல் ஓவனில் பெயிண்ட் வைத்த பிறகு அதில் சாப்பாடு செய்யக்கூடாது. காற்றிலேயே உலரும் செரகோட் ரகமும் உண்டு, அது முழுதாக இறுக 5 நாள் ஆகும். கொல்லையில் அட்டை சுடும் ஏர் ரைஃபிளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்பது என் முடிவு. நல்ல பிரைமர், மேட் கலர், மேட் கிளியர் போதும்.

பாலாறு_92

ரொம்ப நன்றி ஐயா. மாமாவிடம் ஹவில்தார் ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், கடைக்கே கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டார். மரக்கட்டைக்கும் சேர்த்தே அடிக்கட்டுமா? கலர் எது எது வாங்கட்டும்? பட்டாளத்துக்காரர்களின் உடுப்பு மாதிரி பச்சை, கறுப்பு, பழுப்பு மூன்றும் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பெயிண்ட்_இன்ஸ்பெக்டர் (ராணிப்பேட்டை)

கட்டை நல்ல ரேகை உள்ள மரமாக இருந்தால் பெயிண்டால் மூட எனக்கு மனசு வராது. வார்னிஷை எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தாலே போதும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைக்க வேண்டும். ஆனால் உங்களுடையதில் எம்-சீல் இருக்கிறது, அது எண்ணெயில் மறையாது. அதனால் அடியுங்கள்.

கறுப்பு வேண்டாம். பச்சையும் கொஞ்சம் போதும். குடியாத்தத்தில் வருஷத்தில் பாதி நாள் நிலம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கொல்லையில் நின்று பாருங்கள். காய்ந்த புல்லின் வைக்கோல் நிறம், பாறையின் சாம்பல், சீமைக்கருவேலத்தின் மங்கின பச்சை. அந்த மூன்றும்தான் உங்கள் கலர். காமோ கண்ணுக்கு மறைவது பச்சையாக இருப்பதால் இல்லை, நீளமான நேர்க்கோட்டை உடைப்பதால். காட்டில் அவ்வளவு நேரான பொருள் வேறு எதுவும் இல்லை, அதனால்தான் பேரல் கண்ணில் படுகிறது. பட்டைகள் பேரலின் நீளத்தோடு ஓடக்கூடாது, குறுக்கே சாய்வாக வெட்ட வேண்டும். ஒரு பட்டை பேரலில் தொடங்கிக் கட்டையில் போய் முடியட்டும்.

காமோ திட்டுகளுக்குக் கடையில் ஸ்டென்சில் தேடாதீர்கள். தென்னை மரத்தில் மட்டை அடியில் வலைபோல் இருக்குமே, பன்னாடை, அதில் ஒரு நல்ல துண்டு எடுத்துத் தூசி தட்டிக்கொள்ளுங்கள். முதலில் வைக்கோல் நிறத்தை முழுக்க அடித்து உலரவிடுங்கள். அப்புறம் பன்னாடையைப் பேரல் மேல் ஒரு விரல்கடை உயரத்தில் பிடித்து, சாம்பலை ஒரு அடி தள்ளி நின்று ஒரே வீச்சில் தூவுங்கள். எடுத்துப் பார்த்தால் நார் இருந்த இடம் வைக்கோல் நிறத்திலும் இடைவெளி சாம்பலிலும் நிற்கும், காய்ந்த புல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதுபோல. பன்னாடையை ஒட்டிப் பிடித்தால் கோடு கூர்மையாக வரும், தள்ளினால் ஓரம் புகையும். இரண்டையும் கலந்து செய்யுங்கள். பச்சைக்கு ஒரு வேப்பங்கொத்தை வைத்து அங்கங்கே லேசாக ஒரு தூவல்.

மே மாத நண்பகலில் அடிக்காதீர்கள். துளி இரும்பைத் தொடும் முன்பே காய்ந்து மணல்போல் ஒட்டும். ஐப்பசி மழையிலும் வேண்டாம். காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் நாங்கள் வேலையை நிறுத்திவிடுவோம். தை, மாசியில் பனி விலகிய பிறகு வரும் காலை நேரம்தான் அருமை. கனமாக ஒரு கோட் வேண்டாம், மெல்லியதாக இரண்டு மூன்று. கீல் பக்கம் பெயிண்ட் ஏறினால் பேரல் மூடும்போது உரசி அங்கேதான் முதலில் உரியும்.

கிளியர் மேட்டாக இருக்கட்டும். ஹார்ட்னர் கலக்கும் இரண்டு டப்பா பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர் நிச்சயம் உழைக்கும், ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அது நுரையீரலைப் பிடித்தால் ஆஸ்துமா. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டில் செய்பவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

ஆம்பூர்_ஃபினிஷிங்

நான் தோல் ஃபினிஷிங்கில் ஸ்பிரே பிரிவில் இருக்கிறேன். ஒரு சின்ன விஷயம். பழைய ஏர் ரைஃபிள் பலவற்றில் பிஸ்டன் வாஷர் தோலில்தான் இருக்கும். தின்னரோ ஆல்கஹாலோ உள்ளே ஒழுகினால் தோலில் இருக்கும் எண்ணெயை இழுத்துவிடும், வாஷர் விறைத்துச் சுருங்கும், அப்புறம் காற்று பிடிக்காது. துடைக்கும்போது துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், நேராக ஊற்றாதீர்கள். ரைஃபிளைப் பேரல் வாய் கீழே பார்க்கச் சாய்த்து வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

பெயிண்ட்_இன்ஸ்பெக்டர் (ராணிப்பேட்டை)

ஆம்பூர்காரர் சொன்னது முக்கியம் தம்பி, அதை விட்டுவிடாதீர்கள். அதற்காக வாஷருக்கு சாதா மிஷின் ஆயிலைத் தாராளமாக விடவும் வேண்டாம். காற்று அழுந்தும் சூட்டில் அது உள்ளே பற்றிக்கொண்டு டப்பென்று வெடிக்கும், புகையும் வரும்.

அடித்து முடித்ததும் ரெக்சின் பையில் போட்டு வைக்காதீர்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே இன்னும் இளசாக இருக்கும், ரெக்சின் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரமாவது டிரிகர் கார்டில் கயிறு மாட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத பூட்டின அறையில் தொங்கவிடுங்கள். தண்ணீர் தெளித்துப் பார்க்கும் கட்டத்துக்கு வந்ததும் கீல் பக்கம் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.