ஆறு கட்டையில் ஒரு ஃபிடில்

சனிக்கிழமை காலை வட கரோலினாவில் எங்கள் ஊரான கேரியிலிருந்து கிளம்பும்போது என் மகள் சொன்னது ஒன்றுதான்: "வயலின் வேணாம்மா." அவளுக்குத் தெரியாமல் நான்தான் பெட்டியை டிக்கியில் வைத்தேன். ஏப்ரலில் ஒரு போட்டியில் வர்ணத்தை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில் வாசிக்கும்போது நின்றுவிட்டாள். நடுவர்கள் யாரும் கடிந்து பேசவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து பெட்டியைத் திறக்கவே இல்லை. பன்னிரண்டு வயது. வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை.

மவுண்ட் ஏரி எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 52ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது பைலட் மவுண்டன் தெரியும். மலை உச்சியில் வட்டமாக ஒரு பாறை, குடுமி வைத்த தலை மாதிரி. அதைத் தாண்டினால் வர்ஜீனியா எல்லையை ஒட்டி ஊர் வந்துவிடுகிறது. கிரானைட் வெட்டும் சின்ன ஊர். அங்கே வெட்டரன்ஸ் மெமோரியல் பார்க்கில் 1972இலிருந்து வருஷா வருஷம் ஜூன் தொடக்கத்தில் ஃபிடில் வாசிப்பவர்கள் கூடுகிறார்கள். நாட்டுப்புற இசையில் வயலினுக்குப் பெயர் ஃபிடில். கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் பல வருஷமாகப் போகிறவர். அவர் சொல்லி அனுப்பியது: "மேடை முன்னாடியே உக்காந்துடாதீங்க. கூடாரங்க பக்கம் நடங்க."

அவர் சொன்னதன் அர்த்தம் அங்கே போனதும் புரிந்தது. மேடையில் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒருத்தர் ஏறுவார், ஒரு மெட்டு வாசிப்பார், இறங்குவார், அடுத்தவர் ஏறுவார். எட்டு வயசுப் பையனுக்கும் எண்பது வயசுப் பாட்டிக்கும் அதே கைதட்டல். கொஞ்ச நேரம் கேட்டோம், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விழா நடந்தது அங்கே இல்லை. மைதானம் முழுக்க வண்டிகள், கூடாரங்கள், கயிறு கட்டி இழுத்த தார்பாலின்கள். ஒவ்வொரு தார்பாலின் அடியிலும் ஐந்தாறு பேர் முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி வட்டமாக உட்கார்ந்து, உள்பக்கம் பார்த்து வாசிக்கிறார்கள். நமக்குத் தெரிவது முதுகுதான். சபாவில் முதல் வரிசைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். அவர்கள் வாசிப்பது அவர்களுக்காக. நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த வட்டத்துக்கு ஒன்றுமில்லை.

அரை மணி நேரம் நடந்ததில் வட்டங்கள் புளூகிராஸ், ஓல்ட் டைம் என இரண்டு வகை என்று பிடிபட்டது. புளூகிராஸ் வட்டத்தில் பாட்டு உண்டு. பாட்டுக்கு நடுவே ஃபிடில், பான்ஜோ, மாண்டலின் என்று முறை வைத்து ஒவ்வொருவராகத் தனியாக வாசிப்பார்கள், மற்றவர்கள் அடக்கி வாசிப்பார்கள். தாள வாத்தியமே கிடையாது. மாண்டலின்காரர் எதிர்த்தட்டில் 'சக், சக்' என்று வெட்டுவதுதான் மிருதங்கம். புளூகிராஸ், பில் மன்றோ என்ற மாண்டலின் கலைஞர் உருவாக்கிய பாணி. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற வட கரோலினா இளைஞர் மூன்று விரல் பான்ஜோவோடு அவர் குழுவில் சேர்ந்த பிறகுதான் இன்று நாம் கேட்கும் உருவம் வந்தது. ஓல்ட் டைம் அதைவிடப் பழசு. தனி ஆவர்த்தனம் கிடையாது. எல்லாரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கிறார்கள், திரும்பத் திரும்ப, பத்து தடவை, இருபது தடவை. முதல் நாலு சுற்று அலுப்பாக இருந்தது. ஏழாவது சுற்றில் என் கால் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

மகள் நின்றுவிட்ட இடம் ஓல்ட் டைம் வட்டம் ஒன்று. ஒரு பெரியவர், எழுபத்தைந்து இருக்கும், ஃபிடிலைத் தாடைக்கடியில் வைக்காமல் நெஞ்சில் சாய்த்து வாசித்துக்கொண்டிருந்தார். இவள் அவருடைய இடது கையையே பார்த்தபடி நின்றாள். மெட்டு முடிந்ததும் அவர் திரும்பி, "நீ வாசிப்பியா கண்ணு?" என்று கேட்டார். இவள் தலையாட்டினாள். "எப்படிப் பிடிப்ப, காட்டு" என்றார். கையில் வயலின் இல்லாமலே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைப்பாகம் காலில் ஊன்றுகிற மாதிரிக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து கவனமாகப் பார்த்தார். "என் அப்பாவும் தாடையில வச்சதே இல்ல. அப்படி வச்சா பாட முடியாதுன்னு சொல்லுவார்" என்றார்.

பிறகு தன் ஃபிடிலை அவள் கையில் கொடுத்தார். தந்திகளுக்கு அடியில், பாலத்துக்கும் விரல் பலகைக்கும் நடுவில், வில்லில் தேய்க்கிற ரோசின் பிசினின் தூள் வெள்ளையாகக் கெட்டியாக உறைந்திருந்தது. எங்கள் டீச்சர் பார்த்தால் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவருவார். இவள் அதைத் திருப்பியபோது உள்ளே ஏதோ உருண்டு 'சரசர' என்றது. உடைந்துவிட்டதோ என்று எனக்குப் பதறியது. பெரியவர் சொன்னார், அது கிலுகிலுப்பைப் பாம்பின் வால் நுனி. இந்த மலைப்பக்கத்தில் பழைய ஃபிடில்காரர்கள் உள்ளே போட்டு வைப்பார்களாம். ஈரம் அண்டாது என்பார் ஒருவர், எலி வராது என்பார் இன்னொருவர், நாதம் கூடும் என்பார் வேறொருவர். "டாமி ஜாரல் ஃபிடில்லயும் ஒண்ணு கிடந்துது" என்றார்.

டாமி ஜாரல் என்ற பெயர் அங்கே எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் காதில் விழும். 1901இல் பக்கத்து ரவுண்ட் பீக் பகுதியில் பிறந்தவர். சாலைத்துறையில் மண் சமப்படுத்தும் வண்டி ஓட்டினார். ஓய்வு பெற்ற பிறகு எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்து, காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். அப்படிப் போன ஒருவர்தான் இந்தப் பெரியவரும். குருகுலம் என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? 1982இல் நாட்டின் பாரம்பரியக் கலை விருது முதல்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் ஜாரலும் ஒருவர். 1985இல் இறந்துபோனார்.

அடுத்த மெட்டுக்காகப் பெரியவர் சுருதி மாற்றினார். வழக்கமான வயலின் சுருதி ஜி, டி, ஏ, இ. தடித்த தந்தி இரண்டையும் ஒரு முழு சுரம் மேலே ஏற்றினார். ஏ, இ, ஏ, இ. வில்லை நாலு தந்தியிலும் மெதுவாக இழுத்தார்.

"அம்மா, ஸ ப ஸ ப!"

கத்தியேவிட்டாள். வட்டத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நம் கர்நாடக வயலினில் கட்டுகிற அதே ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம், பஞ்சமம். சுருதியை நாம் கட்டைக் கணக்கில் சொல்வோம், அதில் ஏ என்றால் ஆறு கட்டை. வகுப்பில் இவள் வைப்பதைவிட மேலே, அவ்வளவுதான். பெரியவரிடம் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக விளக்கினாள். அவர் தொப்பியைக் கழற்றி முட்டியில் வைத்துவிட்டு, "உங்க ஊர்ல எவ்வளவு காலமா இப்படிக் கட்டறாங்க?" என்று கேட்டார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்த கதையை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நான் பேசி முடிப்பதற்குள் இவள் கார் சாவியை வாங்கிக்கொண்டு ஓடியிருந்தாள். டிக்கியில் பெட்டி இருப்பது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

தார்பாலினில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பான்ஜோ வைத்திருந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பெரியவர் மெட்டை ஒரு தடவை மெதுவாக வாசித்துக்காட்டினார். முதல் பாதி மோகன ராகம் என்று கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாம் பாதியில் நிஷாதம் வந்தது, ஹரிகாம்போதியில் வருகிற நிஷாதம். தொல்லை கொடுத்தது காந்தாரம், அதாவது 'க' சுரம்தான். பெரியவர் வாசித்தது சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். இவள் அசைத்து அசைத்துத் தேடினாள். "ஆட்டாத கண்ணு, அடியிலேர்ந்து வழுக்கிட்டு வா" என்றார். வில்லும் வேறு. நமக்குச் சொல்லிக்கொடுப்பது நீள வில், அவர்களுக்குக் குட்டிக் குட்டி வில், மணிக்கட்டில் ஊஞ்சல் ஆடுகிற மாதிரி.

மூன்றாவது சுற்றில் தப்பு விட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அங்கே யாருக்கும் அது ஒரு செய்தியே இல்லை. மெட்டு நிற்கவில்லை, திரும்பவும் தலைப்புக்கு வந்தது, இவள் அதில் ஏறிக்கொண்டாள். ஆறாவது, ஏழாவது, பத்தாவது சுற்று. கடைசியில் பெரியவர் வலது காலைத் தரையிலிருந்து தூக்கினார். முடிக்கப்போகிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம். எல்லாரும் ஒரே இடத்தில் நின்றார்கள், இவளும். யாரும் கைதட்டவில்லை. பான்ஜோ அம்மா "நல்ல மெட்டு" என்றார். அடுத்ததுக்குப் போய்விட்டார்கள்.

மூன்று மணி நேரம் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. சோங்கர் என்று இந்த வட்டாரத்துக்கே உரிய பழப் பதார்த்தம் ஒன்றை யாரோ தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். பீச் பழச் சாறு ஊறிய மாவு, சூடாக. அதைக்கூட வில்லைக் கீழே வைக்காமல் சாப்பிட்டாள்.

* * *

மேலே அக்கா எழுதியதைப் படித்ததும், வாசகனான எனக்கு கேலக்ஸ் ஊர் ஃபிடில் விழா ஞாபகம் வந்துவிட்டது. எல்லை தாண்டி வர்ஜீனியாவில், மவுண்ட் ஏரியிலிருந்து அரை மணி நேரச் சொச்சம். ஆகஸ்டில் ஃபெல்ட்ஸ் பார்க்கில் ஒரு வாரம் நடக்கும். 1935இல் தொடங்கியது. ஊர்ப் பெயரே மலையில் முளைக்கிற ஒரு செடியின் பெயர்.

நான் கிடார் வாசிப்பேன். போன முதல் நாள் ஓல்ட் டைம் வட்டம் ஒன்றில் கேட்காமல் உட்கார்ந்து, இடையிடையே வேகமான சங்கதிகள் போட்டேன். இரண்டு மெட்டு பொறுத்தார்கள். பிறகு ஒரு அம்மா பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "இங்க கிடாருக்கு வேலை தரையா இருக்கறது தம்பி. நாங்க அதுமேல நடக்கணும்." அன்றைக்கு முழுக்க பேஸும் கார்டும் மட்டும் வாசித்தேன். ஃபிடிலும் பான்ஜோவும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. கிளாஹேமர் என்ற பான்ஜோ பாணியில் நகத்தால் கீழ்நோக்கித் தட்டுவார்கள். கட்டைவிரல் குட்டையான ஐந்தாவது தந்தியை மீட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தந்தி மெட்டோடு போகாது, ஒரே சுருதியில் நிற்கும். தம்புரா பழகிய காது அதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லணும். இதை வெள்ளைக்காரர்களின் மலை இசை என்று மட்டும் எண்ணிக்கொண்டு வராதீர்கள். பான்ஜோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம், சுரைக்குடுக்கையில் தோல் கட்டியது. இன்றும் காம்பியாவில் அக்கோன்டிங் என்ற வாத்தியம் கிட்டத்தட்ட அதே மாதிரி வாசிக்கப்படுகிறது. நான் இருக்கும் டர்ஹாமுக்குப் பக்கத்தில், மெபேனில், ஜோ தாம்ப்சன் என்ற கறுப்பின ஃபிடில் கலைஞர் இருந்தார். 2012இல் 93 வயதில் காலமானார். பாடகி ரியானன் கிடன்ஸும் நண்பர்களும் வாரா வாரம் அவர் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டு, கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் குழுவை ஆரம்பித்தார்கள். அதன் பிறகுதான் பலருக்கு இந்த வரலாறு நினைவுக்கு வந்தது. ஜோ தாம்ப்சன் பெயரைச் சொல்லாமல் இந்த ஊர் இசையைப் பற்றிப் பேசுவது எனக்கு உறுத்தும்.

அக்கா, ஒரு கேள்வி. பாப்பா இப்போ வாசிக்கறாளா?

* * *

வாசிக்கறா தம்பி. நீங்கள் ஜோ தாம்ப்சனைச் சொன்னதற்கு நன்றி. மெபேன் வழியாகத்தான் நாங்களும் போனோம், தெரியாமலே கடந்துவிட்டோம்.

கிளம்பும்போது பெரியவர் ஒரு தீப்பெட்டி கொடுத்தார். உள்ளே பஞ்சில் ஒரு பாம்பு வால் நுனி, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வீட்டுக்கு வந்த இரவே வயலினின் எஃப் துளை வழியாக உள்ளே போட்டுவிட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனோம். இரண்டு மாதம் கழித்து வருகிறாளே என்று டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. சுருதி சேர்க்க வயலினை வாங்கினார், 'சரசர' என்றது. இவள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள், ஃபிடில், பாம்பு, ஆறு கட்டை, நடுக் காந்தாரம். டீச்சர் வயலினைக் காதோடு வைத்து இன்னொரு தடவை ஆட்டிக் கேட்டார். பிறகு தந்திகளை ஆறு கட்டைக்கு ஏற்றி அவளிடம் கொடுத்து, "எங்க, அந்த மெட்டை வாசி" என்றார்.