கடவுச்சீட்டைக் கேட்காத மொழிபெயர்ப்பாளர்: எங்கள் குழு உறுப்பினர்களின் அனுபவங்கள்

டிக்கோயா உறுப்பினர்:

சென்ற ஆண்டு என் தம்பிக்கு ருமேனியாவில் கட்டட வேலை கிடைத்தபோது, பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரும்படி முகவர் நிலையத்தினர் கேட்டனர். தம்பி பிறந்தது 1996இல். அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே, இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. ஆனாலும் அவனுடைய சான்றிதழில் தலைப்புகள் மட்டுமே தமிழிலும் அச்சாகியுள்ளன; பதிவாளர் கையால் நிரப்பிய அனைத்தும் சிங்களத்தில் இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களில் பிறந்த பலருக்கும் இதே நிலைதான் என்பதை இங்குள்ளவர்கள் அறிவீர்கள்.

ஹட்டன் நகரில் போட்டோகொப்பி எடுக்கும் கடையொன்றில், பக்கத்துக்கு 800 ரூபாய் வீதம், மறுநாளே முத்திரையுடன் தருவதாகச் சொன்னார்கள். மற்ற இடங்களில் 1,500, 2,000 என்று கேட்டிருந்ததால் அங்கேயே கொடுத்துவிட்டோம். வந்த தாளில் எங்கள் அப்பாவின் பெயரான வேலு ‘டபிள்யூ’ என்ற எழுத்தில் தொடங்கியது. தம்பியின் கடவுச்சீட்டில் அதே பெயர் ‘வி’யில் தொடங்குகிறது. சிங்களத்தில் அந்த ஒலிக்கு ஓர் எழுத்துத்தான் உண்டு, அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டபிள்யூ’ போடுவது அங்கு பரவலான வழக்கம். எங்களுக்கு அது ஒரே பெயர்; கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கோ அது வேறொருவரின் மகன். தாள் திரும்பி வந்தது. அப்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது: அதில் முத்திரை குத்தியவர் தமிழ்–ஆங்கில மொழிபெயர்ப்புக்கு மட்டுமே பதிவு பெற்றவர். சிங்கள ஆவணத்தில் அவர் கையொப்பம் இட்டிருக்கவே கூடாது.

பிறகு, நீதி அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் பட்டியலைப் பார்த்து, சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பதிவு பெற்ற முதியவர் ஒருவரைத் தேடிப் போனேன். சான்றிதழை வாங்கிப் பார்த்தவர், “மகள், கடவுச்சீட்டின் பிரதி எங்கே?” என்றுதான் முதலில் கேட்டார். நான் கொண்டு போகவில்லை. அது இல்லாமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று சொல்லி, மழையோடு மழையாக என்னை டிக்கோயாவுக்குத் திருப்பி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது கோபமாகத்தான் இருந்தது. மறுநாள் பிரதியோடு போனபோது, முத்திரை இடுவதற்கு முன் வரைவை என்னிடம் கொடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துச் சரிபார்க்கச் சொன்னார். சான்றிதழின் பின்பக்கத்திலிருந்த பதிவாளர் குறிப்பையும் அவர் விடவில்லை. இரண்டு பக்கங்களுக்கு 3,000 ரூபாய் கொடுத்தேன்.

பண்டாரவளை உறுப்பினர்:

என் அனுபவம் அரபு மொழி பற்றியது. 2018இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோது, அரபியில் இருந்த ஒப்பந்தத்தை எனக்குத் தமிழில் சொன்னவர் என்னை அனுப்பிய தரகரின் ஆள். சம்பளத்தையும் இரண்டு ஆண்டுகள் என்பதையும் சொன்னார். ஓய்வு நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தருகிறது, ஒரு நாளின் வேலை நேரம் 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த வாசகம் என் கையிலிருந்த தாளிலேயே இருந்திருக்கிறது. ஏறக்குறைய ஓர் ஆண்டு ஓய்வில்லாமல் வேலை செய்த பிறகுதான், அடுத்த வீட்டில் வேலை செய்த கேரளத்துச் சேச்சி ஒருவர் அதை எனக்கு வாசித்துச் சொன்னார்.

இப்போது என் மகள் போகத் தயாராகும்போது, தரகருடன் எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். நகரில் அரபு ஓதத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள், ஆனால் ஓதத் தெரிவது வேறு, ஒப்பந்த அரபியைப் புரிந்துகொள்வது வேறு. அரபு நாடொன்றில் பட்டம் பெற்றுத் திரும்பிய ஆசிரியர் ஒருவரைக் கண்டிக்கு அருகில் கண்டுபிடித்தோம். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சந்தேகம் வந்த இடத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் பேசினோம்.

மஸ்கெலியா உறுப்பினர்:

எங்களுக்கு நேர்ந்தது வேறு. அம்மாவின் அடையாள அட்டையில் செல்லம்மா, பிறப்புச் சான்றிதழில் செல்வம். மொழிபெயர்க்கும்போது செல்லம்மா என்றே போட்டுவிடுங்கள், கேட்கும் பணத்தைத் தருகிறோம் என்று மன்றாடினோம். மொழிபெயர்ப்பாளர் மறுத்துவிட்டார். அன்று அவரைத் திட்டிக்கொண்டே படியிறங்கினோம்.

நுவரெலியா உறுப்பினர்:

நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஆகவே மஸ்கெலியா நண்பருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ‘வி’யா ‘டபிள்யூ’வா என்பது எழுத்துப்பெயர்ப்பு, அதைக் கடவுச்சீட்டுக்கு ஏற்ப எழுதுவது எங்கள் பொறுப்பு, எழுதாவிட்டால் அது எங்கள் கவனக்குறைவு. செல்வத்தைச் செல்லம்மா ஆக்குவது அப்படியல்ல. தாளில் இருப்பதை உள்ளபடியே மொழிபெயர்த்தேன் என்று சத்தியம் செய்தல்லவா கையொப்பம் இடுகிறோம். பெயரைத் திருத்துவதற்கு உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் கிளைக்குத்தான் போக வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், வேலை கிடைத்த பிறகு அல்ல, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லா ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய சான்றிதழின் மங்கிய கையெழுத்தை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினால், ஊகித்துத்தான் வாசிக்க நேரிடும். பதிவாளர் கிளையில் புதிய பிரதி எடுத்து வந்தால் என் வேலையும் குறையும், உங்கள் செலவும் குறையும். தேயிலை கிள்ளிச் சேர்த்த பணம் என்று தெரிந்தும் அதிகம் கேட்க எனக்கு மனம் வராது. அதனால் ஒரே குடும்பத்தின் ஆவணங்களைச் சேர்த்துக் கொண்டு வருபவர்களிடம் குறைவாகவே வாங்குகிறேன். கேட்டுப் பாருங்கள், பலர் இசைவார்கள்.

டிக்கோயா உறுப்பினர்:

தம்பி கடந்த மாதம் புறப்பட்டுவிட்டான். அந்த 800 ரூபாய்த் தாளை நான் கிழிக்கவில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் புறப்பட்டால், அதையும் சரியான பிரதியையும் அருகருகே வைத்துக் காட்டிவிட்டே அனுப்புகிறேன்.