புதுப்பிப்பு: 8 ஜிபி ரேம்ல பிளாஸ்ட் ஓடல்லன்னு கேட்டிருந்தேனே, ஓடிருச்சு

உதவுன எல்லாருக்கும் நன்றி. போன வாரம் கேட்டது இதுதான்: பழைய விண்டோஸ் டெஸ்க்டாப்ல என்ஆர் டேட்டாபேஸ (ஏகப்பட்ட புரோட்டீன் சீக்வென்ஸ் இருக்குற பெரிய தொகுப்பு) வச்சு பிளாஸ்ட்பி (நம்ம புரோட்டீனோட ஒத்துப்போற சீக்வென்ஸ தேடுற பிளாஸ்ட் புரோகிராம்) ஓட்டுனா ராத்திரி பூரா ஹார்ட் டிஸ்க் கரகரன்னு சத்தம் போடுது, ரிசல்ட் மட்டும் வரல.

வேலை செஞ்சது "என்ஆர் வேணாம், ஸ்விஸ்-ப்ராட் போதும்"னு ஒருத்தர் சொன்னதுதான் (ஸ்விஸ்-ப்ராட்னா ஆளுங்க பாத்து சரிபார்த்த சின்ன புரோட்டீன் டேட்டாபேஸ்). என்ஆர் நூத்துக்கணக்கான ஜிபி, நம்ம ரேம்ல அது எங்க நிக்கும், டிஸ்க்ல இருந்து திரும்பத் திரும்ப படிச்சே நேரம் போயிருக்கு. ஸ்விஸ்-ப்ராட்ல அஞ்சரை லட்சத்து சொச்சம் சீக்வென்ஸ்தான், மொத்தமும் ரேம்லயே அடங்கிடும். கூடவே த்ரெட் எண்ணிக்கைய (ஒரே நேரத்துல எத்தன கோர்ல வேலை ஓடணும்ங்கிறது) 4னு குடுத்தேன். நாம எதுவும் சொல்லலன்னா அது 1தான் எடுக்குமாம், இத்தன நாளா மூணு கோர் சும்மா கிடந்திருக்கு!

நடுவுல ஒரு கூத்து, ஃபோல்டர் பேர்ல ஸ்பேஸ் இருந்ததால டேட்டாபேஸே இல்லன்னு எரர், ஸ்பேஸ் வந்தா ரெண்டு டேட்டாபேஸ்னு நினைச்சுக்குது போல. பேர மாத்துனதும் சரியாச்சு.

எதிர்பாராதது இ-வேல்யூ (இவ்ளோ நல்ல பொருத்தம் தற்செயலா எத்தன வரலாம்ங்கிற கணக்கு). என்சிபிஐ (பிளாஸ்ட ஆன்லைன்ல தர்ற அமெரிக்க அரசு மையம்) வெப்ல என்ஆர்ல போட்டு பாத்த அதே புரோட்டீன் ஜோடி, பிட் ஸ்கோர் (ரெண்டும் எவ்வளவு பொருந்துதுங்கிற மதிப்பெண்) கிட்டத்தட்ட அதேதான், ஆனா இங்க இ-வேல்யூ ரொம்ப சின்னதா வருது. டேட்டாபேஸ் சைஸ பொறுத்து அது மாறுங்கிறத மறந்தே போயிட்டேன், அதனால ரெண்டையும் ஒப்பிடணும்னா பிட் ஸ்கோர பாருங்க.

ஸ்விஸ்-ப்ராட்ல எதுவும் சிக்காத கொஞ்ச புரோட்டீன மட்டும் வெப்லயே என்ஆர்ல போட்டுக்கிட்டேன்.