ரஸாவின் படங்களில் நர்மதை எங்கே இருக்கிறது?

ஆற்றங்கரை:
ஒரு வாரமாக ஓவியர் எஸ்.எச். ரஸாவின் படங்களைப் புத்தகத்தில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாருமே மத்தியப் பிரதேசத்துக் காடு, நர்மதை, சின்ன வயது நினைவு என்கிறார்கள். எனக்குத் தெரிவதோ சிவப்பு, காவி, கரிய வட்டம், அவ்வளவுதான். 1983-இல் வரைந்த ‘சௌராஷ்டிரா’வில் பெயரில் ஊர் இருக்கிறது, படத்தில் இல்லை. ஓர் இடத்தை இதில் எதை வைத்து அடையாளம் காண்பது?

கரிக்கோல்:
மரத்தையும் ஆற்றையும் தேடினால் கிடைக்காது. அவர் 1922-இல் மண்டலா மாவட்டத்து பாபரியாவில் பிறந்தவர், அப்பா வனத்துறை ரேஞ்சர், சுற்றிலும் காடு. இரவானால் அந்தக் காடு பயமுறுத்தும், அங்கிருந்த கோண்டு பழங்குடி மக்களின் ஆட்டம் இருந்தால்தான் பயம் விலகும் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 1950-இல் பாரிஸ் போனவர் அறுபது வருஷம் பிரான்சிலேயே இருந்துவிட்டார், அங்கே உட்கார்ந்து பாபரியாவை வரைய நினைவைத் தவிர என்ன இருக்கும்? சின்ன வயதில் இருந்த வீட்டில் எத்தனை ஜன்னல் என்று கேட்டால் நமக்கே சொல்லத் தெரியாது, ஆனால் மத்தியானத் தரையின் சூடும் உள்ளறை இருட்டும் உடனே வந்துவிடும். 1972-இல் வரைந்த ‘தபோவன்’ படத்தைத் தேடிப் பாருங்கள். அந்த இருட்டு அதில் இருக்கிறது. 2016-இல் டெல்லியில் இறந்தவரை மண்டலாவில்தான், அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

மைக்கூடு:
பிந்துவை, அதாவது நீங்கள் சொன்ன அந்தக் கரிய வட்டத்தை, எடுத்த எடுப்பிலேயே தத்துவமாக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளியில் கவனம் ஓரிடத்தில் நிற்காத பையனாக இருந்த ரஸாவுக்காக வாத்தியார் சுவரில் ஒரு புள்ளி வைத்து இதையே பார் என்றாராம், தத்துவமெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தது. நீங்கள் வட்டத்தில் தொடங்கியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். 1948-இல் காஷ்மீரில் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் இவர் படங்களைப் பார்த்துவிட்டு, கட்டமைப்பு போதவில்லை, பிரெஞ்சு ஓவியர் செசானைப் படியுங்கள் என்று சொன்னார். அதற்குப் பிறகு பிரான்சில் வரைந்த கிராம வீடுகள் 50-களில் கட்டம் கட்டமாக நிற்கும், 60-களில் அதே வீடுகள் வண்ணத்தில் கரையத் தொடங்கும். வரிசையாகப் பார்த்தால் வீடு எந்த இடத்தில் காணாமல் போனது என்பது கண்ணுக்கே தெரியும்.

தைலவண்ணம்:
அச்சில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்கள் நமக்கெல்லாம் பழக்கம், ஆனால் திருச்சிப் பக்கத்து மனிதரான அவர் பின்னாளில் வரைந்த தைலவண்ண அரூப ஓவியங்களும் நிலம்தான். சென்னையில் ஒன்றை ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தேன். கத்தியால் இழுத்த வண்ணம் ஓரத்தில் வரப்பு மாதிரி மேடு கட்டி நின்றது, அதன் நிழல் பக்கத்து வண்ணத்தின் மேல் விழுந்தது. புத்தகத்தில் அந்த மேடும் நிழலும் வராது, வெறும் நிறம்தான் வரும்.

ஆற்றங்கரை:
நன்றி. ‘தபோவன்’ பார்த்தேன். அப்புறம் கண்ணை மூடி எங்கள் ஊர் ஏரியை நினைத்துப் பார்த்தேன், கரையோ மரமோ வரவில்லை, கோடையில் வெடித்த மண்ணின் சாம்பல் நிறமும் கண் கூசும் வெள்ளையும்தான் வந்தன. 50-களின் வீடுகளிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.