சலாலாவிலிருந்து அண்ணன்

அண்ணன்: பெரியப்பா, நண்பர்களுடன் நேற்றிரவு ஓமானின் தெற்கே உள்ள சலாலா வந்து சேர்ந்தேன். மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர், வழியெல்லாம் பொட்டல்தான்.

அத்தை: பாலைவனத்தில் தூறல் விழும் படம் அனுப்பியிருக்கிறாயே, அது எப்படிப்பா?

அண்ணன்: ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தென்மேற்குப் பருவக்காற்றுதான் இந்த மலைகளிலும் மோதுகிறது அத்தை. கரையோரக் கடல்நீர் அப்போது குளிர்ந்திருப்பதால், அது மூடுபனியும் தூறலுமாக இறங்கி, மலையின் கடல் பக்கத்தை மட்டும் பச்சையாக்கிவிடுகிறது. குந்துருக்கம் என்னும் நறுமணப் பிசின் தரும் லுபான் மரங்களோ மலைக்கு அப்பால், வறண்ட பக்கத்தில் நிற்கின்றன. வாதி தவ்கா என்னும் பள்ளத்தாக்கில் பட்டை சீவிய ஒரு மரத்தைப் பார்த்தேன். காகிதம்போல் உரியும் பட்டைக்கு அடியிலிருந்து வெள்ளைப் பால் சொட்டாகத் திரண்டு நின்றது, தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டது. அது காய்ந்து இறுகியபின் சுரண்டி எடுப்பார்களாம்.

பெரியப்பா: அந்தப் பிசின் கப்பலேறிய துறைமுகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடாதே. கிழக்கே கோர் ரோரியில் சும்ஹுரம் என்னும் பழைய நகரம் இருக்கிறது. அங்கே 2006இல் அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் ‘ணந்தை கீரன்’ என்று தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது.

தங்கை: நம் ஊர்க்காரர் அங்கே எதற்குப் போனார் பெரியப்பா?

பெரியப்பா: கீரன் எதற்குப் போனார் என்று ஓடு சொல்லவில்லை அம்மா. ஆனால் தமிழகக் கரையிலிருந்தும் குஜராத்தின் பரூச்சிலிருந்தும் திரும்பும் கப்பல்கள், பருவம் தவறிவிட்டால் குளிர்காலம் முழுவதும் அந்தத் துறையிலேயே தங்கி, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குந்துருக்கம் வாங்கியதாக, முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான ‘பெரிப்ளுஸ்’ தெளிவாகச் சொல்கிறது. நல்லெண்ணெய் என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அண்ணன்: இன்று காலை முதல் வேலையாக அங்கேதான் போனோம் பெரியப்பா. நகர வாயிலின் கற்களில் பழைய தென்னரபு எழுத்துகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால், இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே கழிமுகத்தை மணல்திட்டு அடைத்துக் கிடக்கிறது. கப்பல் நுழைந்த வழி அதுதான். உடன் வந்தவர்கள் பச்சை மலையைப் பார்க்கவே கிளம்பி வந்தவர்கள், கீரன் பெயரைச் சொன்னதும் கிளம்ப மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பெரியப்பா: வாயில் எழுத்துகளை ஒவ்வொரு கல்லாகப் படம் எடுத்து அனுப்பு. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடு, அப்போதுதான் வெட்டு தெரியும்.

அண்ணன்: மாலையில் மறுபடி போய் எடுக்கிறேன் பெரியப்பா.